பதிவேட்டில் ஒரு கைநாட்டு

பாபநாசத்தில் பேருந்து ஏறிய பெரியவர் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார். அறுபதைத் தாண்டிய வயது. பக்கத்திலிருந்தவர் பேச்சுக்கு, "என்ன வேலையா வந்தீங்க?" என்று கேட்டார்.

"அம்மாவைத் தேடி வந்தேங்க. கெடச்சுட்டாங்க. பேருதான் கெடைக்கல."

"புரியலீங்களே."

"நாலு வயசுல என்னை இங்க ஒரு விடுதியில சேத்துட்டுப் போனவங்க, திரும்பி வரவே இல்ல. ரெண்டு வருஷமா நடையா நடந்து, இன்னிக்குத்தான் அந்தப் பழைய பதிவேட்டை எடுத்துக் காட்டுனாங்க."

"அதுல பேரு இருந்திருக்குமே?"

"என் பேரு இருக்கு. அவங்களுக்கு 'பையனின் தாயார்'னு மட்டும் எழுதியிருக்கு. ஊருங்கற எடத்துல வெறும் கோடு. கீழ ஒரு கைநாட்டு."

"எழுதுனவரைக் கேக்கலாமே?"

"அவரு போய்ச் சேந்து பல வருஷமாச்சாம். இனிமே கேக்கறதுக்கு ஆளே இல்லீங்க."

பேருந்து வயல்களுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தது. வரிசையாகக் குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்களைப் பெரியவர் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர்கள் மறைந்த பிறகுதான் மறுபடியும் பேசினார்.

"அந்த ரேகை மேல என் பெருவிரலை வெச்சுப் பாத்தேன். அடியில முழுசா மறைஞ்சு போச்சு. அவ்வளவு சின்ன விரல். அறியாப் பொண்ணுங்க அது."

பக்கத்திலிருந்தவர் தன் பெருவிரலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"இத்தனை வருஷமும் அவங்களைத் திட்டிக்கிட்டே இருந்துட்டேன்" என்றார் பெரியவர்.