மாமா வீடா, விடுதியா?

கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் போகும் ரயிலில், பெண்கள் பெட்டியில் என்னோடு ஒரு மீன்கூடை, ஒரு தாய், சிங்கப்பூருக்கு மருத்துவம் படிக்கப் போகவிருக்கும் அவர் மகள்.

“வெள்ளிக்கிழமை தாலி, திங்கட்கிழமை காலேஜு,” என்றார் தாய்.

உரித்த கச்சான் கடலை மகளின் கையிலேயே நின்றது. “யாருக்கும்மா தாலி?”

“உனக்குத்தான். விடுதி வேணாம், சிங்கப்பூர் மாமா வீட்டுல தங்குறேன்னு நீதானே சொன்ன?”

“தங்குறேன்னுதானே சொன்னேன்!”

“கல்யாணமாகாத அத்தான் இருக்கிற வீட்டுல வயசுப்பொண்ணு சும்மா தங்குனா ஊர் என்னடி பேசும்? அதான் மாமாகிட்டப் பேசி முடிச்சிட்டோம்.”

“அத்தானுக்குத் தெரியுமா?”

“கல்யாணக் கோட்டே தைக்கக் குடுத்தாச்சுலா.”

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. பத்து தீகா ஸ்டேஷன் தாண்டியதும் மகள் கச்சானைப் பொட்டலத்திலேயே திருப்பிப் போட்டாள்.

“நான் விடுதியிலேயே இருந்துக்கிறேன்.”

“ஐயையோ! அங்க ஒரே சட்டியில மாடும் பன்னியும் வேகுமாம்டி!”

“வெறுஞ்சோத்துல உப்புப் போட்டுத் தின்னுக்கிறேன்.”

தாய் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். “அப்ப அந்தக் கோட்டு?”

“தீபாவளிக்குப் போட்டுக்கச் சொல்லுங்க.”