யாருக்கு ஞாபகம்?

"ஹலோ... ஹலோ, வச்சுடாதடி! நான்தான்... ஆமா, அக்காதான். வேற யாரு?"

மாதக்கணக்காகப் பேசாத தங்கையிடம் என்ன சாக்கில் பேசுவது என்று தவித்துக்கொண்டிருந்த அக்காவுக்கு, இன்று ஒரு இங்கிலீஷ் வார்த்தை வசமாகச் சிக்கியது. அக்கா வெளிநாட்டுப் படங்களுக்குத் திரையில் ஓடும் தமிழ் வரிகளை எழுதுகிறவள். தங்கை இங்கிலீஷ் டீச்சர். சண்டை, அம்மாவின் தையல் மெஷினால் வந்தது. அடம்பிடித்துத் தூக்கி வந்த அக்கா அதில் இன்றுவரை ஒரு கைக்குட்டைகூடத் தைத்ததில்லை.

"சண்டைக்கு இல்லடி, ஒரு வார்த்தை கேக்கணும். டிஸ்ரிமெம்பர்... ஆமா, ஆமா, டிஸ்-ரிமெம்பர்... டிக்‌ஷனரி பார்த்தேன்டி, 'ஞாபகமில்லை'ன்னு ஒரே வரியில முடிச்சுட்டான்... ஓ, பேச்சுல மட்டும்தானா?... பரீட்சையில எழுதினா மார்க்கைக் குறைப்பியா? பாவம்டி பசங்க!... சரி, சரி, சீனைக் கேளு. தம்பிக்காரன் பல வருஷம் கழிச்சு வந்து கதவைத் தட்டுறான். 'எதுக்குண்ணே சண்டை போட்டோம்?'னு கேக்குறான். அண்ணன் கிழவன் இந்த ஒத்த வார்த்தையைச் சொல்லிட்டு, கதவை முழுசா திறந்து விடுறான்... 'மறந்துட்டேன்'னா? போட்டுப் பார்த்தேன், சப்புன்னு இருக்கு. அவன் எங்கடி மறந்தான்? மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கு... ஆமா... ஆமா... ஐயோ, அவ்வளவு நீளம் வேண்டாம், கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும்..."

பேச்சு சுவாரசியத்தில் அக்காவின் கால் தன்பாட்டுக்கு ஆடத் தொடங்கியது. டடக், டடக், டடக்.

"என்ன சத்தம்?... ஃபேனுடி... பழைய ஃபேன்..."

கம்ப்யூட்டரை மெஷின் மேலேயே வைத்துக்கொண்டு, மிதியிலிருந்து காலை இழுத்தபடி, வாய் கூசாமல் சொன்னாள்.

"என்னது?... திருப்பிச் சொல்லு... 'யாருக்கு ஞாபகம்?'... அடி என் தங்கமே! கச்சிதமா உக்காருதுடி!"

அக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஹலோ?... இருக்கியா?... ம்... ம்... அழாதடி, எனக்கும் வந்துடும்... நான் மட்டும் என்ன? உன் குரலைக் கேக்காம எவ்வளவு தவிச்சேன் தெரியுமா... மெஷினா? எந்த மெஷின்? யாருக்கு ஞாபகம்?... சிரி, நல்லா சிரி... சாயங்காலமேவா! வா, வா... எதுல வர்ற?... வேன்லயா? ஒத்த ஆளுக்கு எதுக்குடி வேன்?... ஃபேனைத் தூக்கிட்டுப் போகவா?... அடிப்பாவி! ஹலோ? ஹலோ?"

தங்கை வைத்துவிட்டாள். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கிழவனின் வரியை அடித்து அனுப்பிவிட்டு, மெஷின் மேலிருந்த கம்ப்யூட்டரின் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினாள்.