நீலம் பிடிக்காத இடம்

— தொடாத! கைய எடு! துப்பாக்கியத் தொடாதன்னு எத்தன வாட்டிச் சொல்றது, அழகம்மா?

— அட, தொடலங்க. கரண்டி எடுக்க வந்தேன். அடுப்ப மறிச்சிக்கிட்டு நீங்களே உக்காந்திருந்தா நான் எங்க போயி ஒலை வைக்கிறது?

— ஒலை கெடக்கட்டும். இந்தக் குழலப் பாரு. நாசமாப் போச்சு. மறுபடியும் அதே எடத்துல வெள்ள வெள்ளயா நிக்கிது.

— எங்க... ஆமா, கொஞ்சூண்டு தெரியிது.

— கொஞ்சூண்டா? ஒரு சாண் நீளத்துக்குத் தெரியிது! மத்த எடமெல்லாம் மயிலு கழுத்தாட்டம் நீலம் ஏறியிருக்கு, இங்க மட்டும் இரும்பு பல்ல இளிக்கிது.

— எண்ணெயப் பூசிக் குடுத்துருங்களேன். யாரு பாக்கப் போறா?

— யாரு பாக்கப் போறாவா? தோட்டத்துத் தொர கண்ணாடிய மாட்டிக்கிட்டு அங்குலம் அங்குலமாப் பாப்பாரு. "துப்பாக்கி புதுசாட்டம் வரணும் பொன்னையா, வந்தா ஒம் பேர வேலைக்கு மறுபடியும் பதியிறேன்"ன்னு சொன்னாரு. ஸ்டிரைக்குல தேயில இஸ்டோர் எஞ்சின நிப்பாட்டுனவன்கிட்ட அவரு இம்புட்டு எறங்கி வந்ததே பெருசு. இது சரியா வரலன்னா மாசக் கடைசியில தோட்டம் குடுத்த இந்தக் காம்பராவக் காலி பண்ணிட்டு ரோட்டுல நிக்கணும். வெளங்குதா?

— வெளங்குது, வெளங்குது. பொழுது விடிஞ்சா அந்தப் பாட்டத்தான பாடுறீங்க.

— பாடாம என்ன செய்ய? எமரித் தாள் போட்டுப் பழைய துருவத் தேச்சேன். சாம்பத் தண்ணியில கொதிக்க வச்சி பிசுக்க எடுத்தேன். புதுத் துரு பூக்கட்டும்னு திராவகத்தப் பூசி வாசப்பக்க இஸ்தோப்புல தொங்க விட்டேன். நம்ம பனிக்குக் கேக்கணுமா, ஒரே ராத்திரியில செவசெவன்னு துரு பூத்துருச்சு. தகரத் தொட்டியில போட்டு அவிச்சேன், துரு கருத்துச்சு. கம்பி பிரஷ்ஷால தேச்சேன், நீலம் வந்திச்சு. திரும்பத் திரும்ப இதே கூத்துத்தான். தேயில அரைக்கிற ரோலருக்கே வைத்தியம் பாத்தவன் நான், ஒரு குழலு என்னயப் போட்டு ஆட்டி வைக்கிது!

— பீலியில புடிச்ச தண்ணி சரியில்லயோ என்னமோ.

— தண்ணி சரியில்லன்னா முழுக் குழலும்ல கெடணும்?

— அப்ப அந்தத் திராவகம். ஹட்டன்ல கடக்காரன் என்னத்தக் கலந்தானோ.

— அதுவும் அப்பிடித்தான். மூள இருந்தா யோசிச்சுப் பேசு. இது எண்ணெ. துரு பூக்குற நேரத்துல எண்ணக் கை லேசாப் பட்டாலே போதும், அந்த எடத்துல நீலம் பிடிக்காது. யாரோ தொடுறாங்க. இந்தக் காம்பராவுல நம்ம ரெண்டு பேருதான். நான் தொடல.

— வெறகுக்கு மெலாறு காய வைக்கணும், மழ வரும் போல இருக்கு...

— அழகம்மா. ஒன்னயத்தான் கேக்குறேன்.

— தல சீவி முடிச்சிட்டு... லேசாத் தொட்டுக் கும்பிட்டேன்.

— கும்பிட்டியா?

— தெனமுந்தான்.

— அடிப்பாவி! தேங்கா எண்ணக் கையோடயா!

— சந்தனமும் வச்சேன். நீங்க எந்திரிக்கிறதுக்குள்ள தொடச்சிருவேன்.

— சந்தனம் வேறயா! ஏன்டி, அது என்ன தேயிலச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தியா, ஆயுத பூசைக்குப் பொட்டு வைக்கிறதுக்கு? இங்க பாரு என் கைய. திராவகம் தின்னு தோலு உரிஞ்சு கெடக்கு. சோத்தப் பெசைஞ்சா எரியிது. நான் பாட்டுக்குத் தேச்சுச் சாகுறேன், நீ பாட்டுக்குக் கும்பிட்டுக் கெடுக்குற! பேரு பதியணும்னு வேண்டிக்கிறதுன்னா கோயிலுக்குப் போயி வேண்ட வேண்டியதுதான?

— பேருக்காகக் கும்பிடலங்க.

— பின்ன எதுக்காம்?

— இந்தத் துப்பாக்கி எப்பிடித் துரு பிடிச்சிச்சு?

— அதான் சொன்னேனே. மழக் காலத்துல பங்களாவுல கெடந்து...

— பங்களாவுல வேலக்காரரு லோரன்சு அப்பு தெனம் தொடைக்கிற சாமான் எப்பிடிங்க துரு பிடிக்கும்? நீங்க கொண்டாந்த அன்னிக்கு விசைக்கிட்ட ஒரு சணல் கயிறு இருந்திச்சு, செவப்பு அரக்கோட. அவசர அவசரமா அறுத்து அடுப்புல போட்டீங்க. பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

— அது... சாக்குக் கட்டுன கயிறு.

— போலீசு அரக்குங்க. கேசு முடியிற வரைக்கும் அவங்ககிட்டக் கெடந்து துரு ஏறி வந்துருக்கு. எங்கண்ணனச் சுட்டது இதுதான?

— மெதுவாப் பேசு. பக்கத்துக் காம்பராவுல கேக்கும்.

— கேக்கட்டும்! காட்டுப் பன்னின்னு நெனச்சுச் சுட்டேன்னாரு தொர. கோர்ட்டும் சரின்னிருச்சு. வெள்ளச் சட்டயப் போட்டுக்கிட்டு, பட்டப்பகல்ல, சங்கக் கூட்டத்துக்குப் போன எங்கண்ணன் அழகுமுத்து அவரு கண்ணுக்குப் பன்னியாத் தெரிஞ்சாரா?

— எனக்குத் தெரியாதாடி? டவுனுல தேய்க்கக் குடுத்தா நாலு பேரு கேப்பாங்கன்னுதான் கமுக்கமா எங்கிட்டக் குடுத்தாரு. தெரிஞ்சேதான் தேச்சேன். வேற போக்கு என்ன இருக்கு சொல்லு? ஆனா ஒங்கண்ணன் உசிர எடுத்தத நீ எப்பிடிக் கும்பிடுற? காறித் துப்பியிருந்தாக்கூட எனக்கு வெளங்கும்.

— வெட்டுப்பட்டுச் செத்தவருக்கு நாம என்னத்த நட்டுக் கும்பிடுறோம்? மலையடிக் கோயில்ல நிக்கிற அருவா எது? அந்தச் சாமிய வெட்டுன அருவாதான? அண்ணனுக்கு ஒரு கல்லு நடக்கூட எடம் குடுக்கல இந்தத் தோட்டத்துல. அவரு வேற எதுல வந்து நிப்பாரு? இதுலதான் நிக்கிறாரு. தெனமும் "அண்ணே, நல்லாருக்கியா"ன்னு கேட்டு ஒரு பொட்டு வச்சேன். அது ஒரு குத்தமா?

— குத்தமில்லடி.

— அப்ப எமரிய ஏங்க மறுபடியும் கையில எடுக்குறீங்க?

— பொன்னையா! ஏ பொன்னையா! வேல முடிஞ்சிச்சா? தொர என்னயப் போட்டுப் படுத்துறாரு, கேட்டியா.

— வாங்க லோரன்சு அண்ணே. இந்தா இருக்கு.

— மாதாவே! மூஞ்சி தெரியிது போ! பங்களாவுக்கு வந்த புதுசுலகூட இது இப்பிடி இருந்ததில்ல, கேட்டியா... இரு இரு. இது என்னடாப்பா, வெரலு வெரலா வெள்ளயா?

— எண்ணெ பட்டுருச்சுண்ணே.

— ஐயய்யோ, இத இப்பிடியே கொண்டு போனா என் மூஞ்சிலயே எறிவாரே! சரி, கவலப்படாத. தொர நுவரெலியா கிளப்புக்குப் போறாரு, ஞாயித்துக்கெழம வரைக்கும் நான் சமாளிச்சுக்கிறேன். அந்த எடத்த மட்டும் நல்லா எமரி போட்டு வழிச்சு எடுத்துட்டு மறுபடியும் நீலம் ஏத்திரு. ஒனக்கு அது ஒரு வேலயா?

— பெரிய வேல இல்லதான்.

— அப்பறம் என்ன? திங்கக்கெழம காலையில வேலைக்குப் பிரிக்கிற பெரட்டுல ஒம் பேரக் கூப்பிடுவாங்க. நான் வர்றேன்.

— நில்லுங்கண்ணே. இப்பயே கொண்டு போயிருங்க.

— பைத்தியமாடா ஒனக்கு? பேரு வேணாமா? காம்பரா வேணாமா?

— எல்லாம் வேணுந்தாண்ணே. ஆனா இதுக்கு மேல தேய்க்க எனக்குக் கை வராது. அழகம்மா, சந்தனத்தக் கொழைச்சு எடுத்துட்டு வா. மச்சான் வெறும் நெத்தியோட போக வேணாம்.