அப்பாவைத் தூங்கவைத்த மத்தியானம்

– மறைக்காம சொல்லுங்க சார். உங்க அப்பாவுக்கு எத்தன மாத்திரை குடுத்தீங்க?

– அதாவது டாக்டர்... முழுசா ரெண்டு.

– ரெண்டா! ராத்திரி ரொம்ப முரண்டு பிடிச்சா மட்டும், அதுவும் பாதின்னுதானேங்க எழுதிக் குடுத்தேன்?

– அதாவது... மத்தியானம் எங்க மேனேஜர் குடும்பத்தோட சாப்பிட வந்தாரு. என் பதவி உயர்வு அவரு கையிலதான் இருக்கு. போன தடவ ஆளுங்க வந்திருந்தப்ப அப்பா இடுப்புல துணியில்லாம ஹாலுக்கு வந்து நின்னு, "யார்ரா நீங்க, என் வீட்டுல என்னடா வேலை"ன்னு ஒரே கத்தல். மூஞ்சிய எங்க கொண்டு போய் வச்சுக்கறதுன்னு தெரியல எனக்கு.

– சரி. மாத்திரை மட்டுந்தானா?

– மாத்திரைதான் டாக்டர், பெருசா வேற ஒண்ணும் இல்ல.

– வைத்தியம் பாக்கணும் சார். வேற என்ன உள்ள போச்சு?

– சளி மருந்து. இருமல் சத்தம் வெளிய கேட்டுடக் கூடாதேன்னு, ரெண்டு மூடி.

– அதுவும் தூங்க வைக்கற மருந்துதாங்க! மறதி நோய் வந்த பெரியவங்களுக்கு அந்த மாத்திரையே ஆபத்து. உசுருக்கே கூட. வேற வழியில்லாமதான் குடுக்கறோம். அதோட இதுவும் சேந்தா மூளை இன்னும் கலங்கும், ஒண்ணுக்கு அடைச்சுக்கும், பிரஷர் இறங்கும். எழுந்து நின்னதும் கண்ண இருட்டியிருக்கும், அப்படியே விழுந்திருப்பாரு. இடுப்பெலும்பு போச்சு. ஒரு போன் போட்டுக் கேக்கணும்னு தோணலையா?

– தோணுச்சு. கேட்டா வேணாம்பீங்கன்னும் தோணுச்சு.

– ம்... எழுதிக் குடுத்தப்பவே உங்கள உக்கார வச்சு இதெல்லாம் சொல்லியிருக்கணும். என் மேலயும் தப்பு இருக்கு.

– ஐயோ, வேணாம் டாக்டர். இதுல நீங்க பங்குக்கு வராதீங்க. "ஆளுங்க போற வரைக்கும் மூச்சு விடக் கூடாது"ன்னு அவர அதட்டிட்டு, ரூமுக்கு வெளிய தாழ் போட்டவன் நான்.

– எப்ப விழுந்தாருன்னாவது தெரியுமா?

– தெரியாது. மேனேஜரு பேசிப் பேசி, கிளம்பறதுக்குள்ள பொழுது சாஞ்சிடுச்சு. கதவத் தொறந்தா கீழ கெடக்காரு. துணியெல்லாம் ஈரம்.

– இவ்வளவு அடிபட்டவரு கத்தியிருப்பாரே?

– ஒரு முனகல் கூட கேக்கல, சத்தியமா. மயக்கத்துல வலியே தெரிஞ்சிருக்காது, இல்ல டாக்டர்? அவருக்கு எதுவுமே புரிஞ்சிருக்காது, இல்ல?

– அப்படி என்னால சொல்ல முடியாதுங்க. அதோ, கண்ணு முழிக்கறாரு பாருங்க. கிட்டப் போங்க.

– அப்பா... நான்தாம்ப்பா.

– யாரு... பெரியவனா?

– ஆமாம்ப்பா. பெரியவன்தான்.

– வந்தவங்கல்லாம் போயாச்சா, ராசா? இப்ப கத்தலாமா? ரொம்ப வலிக்குதுடா.