ஜமீலாவைக் கண்டுபிடித்தவர்

பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குக்கு வரும் பெர்ரிப் படகில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகிறார்கள் போலும். அவள் மடியில் அர்ச்சனைத் தட்டு. அவன் கழுத்தில் மருத்துவமனை ஆய்வுக்கூடத்தின் அட்டை. அவன் போனை வைத்ததும் அவள் கேட்டாள்:

“யாருங்க அந்த ஜமீலா?”

“எந்த ஜமீலா?”

“இப்பதான போன்ல சொன்னீங்க, ‘கடைசியில ஜமீலாவ கண்டுபிடிச்சிட்டேன்’னு. மூஞ்சி முழுக்க சிரிப்பு வேற.”

“ஐயோ, ஜமீலா இல்லலா. ஜெமெல்லா. பாக்டீரியா பேரு.”

“என்னைப் பார்த்தா எப்படித் தெரியுது உங்களுக்கு?”

“சத்தியமா. வாயில சும்மா கிடக்கிற கிருமி. ரத்தத்துல ஏறிடுச்சுன்னா நெஞ்சுக்குப் போயி, இதயத்தோட உள்சவ்வுல ஒட்டிக்கும். லேசுல பிடி குடுக்காது. சாயம் ஏத்தினாலும் நிக்காம போயிடும், பார்க்க வேற கிருமி மாதிரி இருக்கும். அது பேரு தெரிஞ்சாதான் டாக்டர் சரியான மருந்து குடுக்க முடியும்.”

“கட்டின நாள்லேர்ந்து என்னைப் பத்தி இவ்ளோ பேசினதில்ல நீங்க.”

பாலம் தெரிந்த பக்கம் திரும்பியபடி அவளே மறுபடி கேட்டாள்.

“சரி, யாரு நெஞ்சுல ஒட்டிக்கிச்சு?”

“ஒரு பேஷண்ட்.”

“ஆம்பளையா, பொம்பளையா?”

“அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாதுலா.”

“அப்ப பொம்பளதான்.” அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “இன்னைக்கு அர்ச்சனை என் பேருக்கு மட்டும்.”