மண் சரிந்த பாதையில் ஒரு சமதரை

விளக்கைக் கொஞ்சம் தணித்து வையுங்கள். இது நம் ஜவாஹிரின் பெரியவாப்பா ஹாஷிமுக்கு நடந்தது.

முப்பத்திரண்டாம் வருஷத்து ஐப்பசி மழை. மஃரிப் தொழுகை கழிந்த இருட்டு. கண்டிப் பக்கம், வத்தேகமையிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்கு வரும் பாதையில் ஈ காக்கை இல்லை. ஹாஷிம் கார் ஓட்டுகிறார். பின்னால் புடவைக்கடை முதலாளி முஹைதீன், பக்கத்தில் துணிக்கட்டுகள். ஒரு வளைவில் திரும்பினால்... பாதையே இல்லை. மண் சரிந்து கிடந்தது.

விடியும்வரை காரை எங்கே விடுவது? பலா மரத்தடியில் விடலாமென்றால், காற்றில் கிளை முறிகிற சத்தம். மேட்டோரம் இன்னும் சரியலாம். பள்ளத்துப் பக்கம் நினைக்கவே வேண்டாம். கொஞ்சம் பின்னால் புல் முளைத்த சமதரை ஒன்று தெரிந்தது. ஹாஷிம் காரை அங்கே திருப்பினார்.

தேயிலைக்குள்ளிருந்து ஒரு பெண், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். தோட்டக் கூலிகள் குடியிருக்கும் பக்கத்து லயத்து வடிவம்மா.

“ஐயா, அங்க வேணாங்க! எங்க ஆளுக பகல்லயே அதுல கால் வைக்க மாட்டாங்க. லயத்து வாசலுக்குக் கொண்டாங்க, எடமிருக்கு.”

ஹாஷிம் பின்னால் திரும்பினார். “மொதலாளி, அங்கேயே போவமா?”

“லயத்துல உட்டா விடிய சாமான் மிஞ்சுமா? இங்கேயே நிப்பாட்டு.”

வடிவம்மாவின் முகம் சுண்டிப்போனது. சாக்கை இழுத்துப் போர்த்திக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள்.

ஹாஷிம் பிரேக்கை இழுத்துவிட்டு, நாலு சக்கரத்துக்கும் கல் வைத்தார். மழை விட்டது. முதலாளி குறட்டை விட்டார். ஹாஷிமுக்கும் கண் செருகியது...

தவளைச் சத்தம் சட்டென்று நின்றது.

கார் மெல்ல முன்னால் நகர்ந்தது. எஞ்சின் ஓடவில்லை. சக்கரம் எதன்மேலோ ஏறி... இறங்கியது. மடக்கென்று ஒரு முறிவு, பச்சை மூங்கில் முறிகிற மாதிரி. அடியிலிருந்து ஓர் ஆணின் அலறல்.

கார் நின்றது. பிறகு... பின்னால் வந்தது. மறுபடி ஏறி இறங்கியது.

ஹாஷிம் பிரேக்கின் மேல் எழுந்தே நின்றுவிட்டார். கார் அடங்கவில்லை. முன்னால்... பின்னால்... அலறல் போய், தொண்டைக்குள் ஏதோ கொப்புளிக்கிற சத்தம் வந்தது. சூடான இரத்த வாடை.

“யா அல்லாஹ்! ஆள் மேல ஏத்துறாயேடா!” முஹைதீன் கதவைத் திறந்தார்.

“குதிக்காதீங்க மொதலாளி!”

குதித்துவிட்டார். சேறு வழுக்கியது. விழுந்தவரின் கால் சக்கரத்துக்கு நேரே போனது. கார் ஏறியது. எலும்பு நொறுங்கிய அதிர்வு ஹாஷிமின் உள்ளங்காலில் ஏறியது.

ஹாஷிம் மறுபக்கம் குதித்து, முதலாளியை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு லயத்துக்கு ஓடினார். வடிவம்மா கதவைத் திறந்தாள். இரத்தத்தைப் பார்த்தாள். என்ன ஆனது என்றுகூடக் கேட்கவில்லை.

“இன்னைக்கும் ஏத்திட்டானா...”

பாயை விரித்தாள். தன் சேலையைக் கிழித்துக் கட்டுப்போட்டாள். எவன் என்று ஹாஷிம் கேட்டார். “எங்க ஆளு ஒருத்தர அங்க கார ஏத்திக் கொன்னவன்” என்று மட்டும் சொன்னாள்.

விடிந்ததும் ஹாஷிம் போய்ப் பார்த்தார். கார் விட்ட இடத்திலேயே நின்றது. நாலு கல்லும் வைத்தபடி. முன்னால் புல் மடியவே இல்லை. ஒரு சொட்டு இரத்தம் இல்லை.

முஹைதீனைக் கண்டி ஆஸ்பத்திரிக்குச் சுமந்துபோனார்கள். காலை எடுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். டாக்டர் கட்டை அவிழ்த்தபோது ஹாஷிம் பக்கத்தில் நின்றார். தொடையில் டயர்த் தடம் பதிந்திருந்தது. புத்தம்புது டயர்... ஒவ்வொரு வரியும் தெளிவாக.

அவர்களுடைய காரின் நாலு டயரும் தேய்ந்து மொட்டையாகி மாதக்கணக்காகியிருந்தது.