மணிக்கூண்டு உணவகத்தில் அப்பா சாப்பிட்டது

அக்காவுக்கு நான் கொடுக்க வேண்டியிருந்தது இரண்டு லட்சத்து எழுபத்தையாயிரம். இல்லையென்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. சாரத்திலிருந்து விழுந்து என் இடுப்பெலும்பு முறிந்தபோது அவள் கொடுத்த பணம். கொடுத்தவள் கேட்பது நியாயம்தானே, ஐயா. எனக்கு எழுத்து வந்ததே நாற்பது வயதுக்கு மேல். மெதுவாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மணிக்கூண்டு உணவகத்துக்கு எங்களை அழைத்தது அக்காதான். வெளியூர்க்காரர்கள் வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்கிற இடம். அதன் கூரைக்கு அப்பாவும் நானும் பூச்சு வேலை செய்திருக்கிறோம். அப்போது பின்வாசல், இந்தமுறை முன்வாசல். சக்கர நாற்காலியில் அப்பா அண்ணாந்து பார்த்தபடியே வந்தார்.

"பாத்தியாடா, இன்னும் விரிசல் விடல" என்றார். வாய் குழறும். அவர் பேச்சு எனக்கு மட்டும்தான் புரியும்.

பக்கவாதம் வந்த நாளிலிருந்து அவருக்கு ஊட்டியது நான். எல்லாவற்றையும் கூழாக மசித்துத்தான் கொடுக்க வேண்டும், கட்டியாகப் போனால் மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஒவ்வொரு வாய்க்கும் அப்பா என் முகத்தைப் பார்ப்பார். நான் தலையாட்டினால்தான் விழுங்குவார். அப்படிப் பழக்கியிருந்தேன். அக்கா எப்போதாவது வருவாள், புதுச்சட்டை ஒன்றை வைத்துவிட்டுப் போவாள். சாப்பாட்டு வேளையில் அவள் இருந்ததே இல்லை.

உட்கார்ந்ததும் அவளே பேச்சை எடுத்தாள்.

"தம்பி, நீ கடனை அடைக்கப் போறதில்ல. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாளைக்கு அப்பா வீட்டை என் பேருக்கு எழுதிக் குடுக்கட்டும். அதோட நம்ம கணக்கு முடிஞ்சுது."

"நான் எங்கக்கா போறது?"

அத்தான் சிரித்தார். "ஊர்ல பாதி வீடு நீ பூசுனதுதானே மச்சான். ஒரு அறைகூடவா கிடைக்காது?"

"எழுதிக் குடுப்பீங்கதானேப்பா?" என்றாள் அக்கா.

அப்பா நல்ல பிள்ளைபோலத் தலையாட்டினார். என்னைப் பார்க்கவில்லை.

பரிமாற வந்தவர் சக்கர நாற்காலியைப் பார்த்துவிட்டு என்னிடம், "பெரியவருக்கு ஏதாவது மசிச்சுக் கொண்டுவரவா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் உங்களிடம் சொன்னது உண்மைதான். பாவம், அவரை இனித் தொந்தரவு செய்ய வேண்டாம்.

தட்டுகள் வந்தன. அக்கா ஒரு துண்டு இறைச்சியை முள்கரண்டியில் குத்தி எடுத்தாள்.

"இன்னிக்கு என் கையால சாப்பிடுங்கப்பா."

அத்தான் படம் எடுக்கக் கைபேசியைத் தூக்கினார்.

நான் மெனு அட்டையைப் படித்துக்கொண்டிருந்தேன் என்று முதல் விசாரணையில் உங்களிடம் சொன்னேன். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன் என்பதால் எல்லோரும் நம்பினார்கள். ஆனால் அட்டையைப் படித்து முடித்து வெகுநேரம் ஆகியிருந்தது. அப்பா துண்டை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். "முழுங்குங்கப்பா, எவ்வளவு நேரம்" என்றாள் அக்கா. அவர் விழுங்கவில்லை. அவள் தோளுக்கு மேலே என் முகத்தையே பார்த்தார்.

நான் தலையாட்டினேன்.

இருமல் வரவில்லை. அடைத்துக்கொண்டால் சத்தம் வராது. அப்பாவின் கண்ணில் நீர் கோத்தது. "பாருங்க, மகள் ஊட்டுனதும் அழுறாரு" என்றாள் அக்கா. கைக்குட்டையால் துடைத்தும் விட்டாள். என்ன செய்ய வேண்டும் என்று அந்த மேசையில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் அட்டையை மறுபடி முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.

அடக்கம் முடிந்து வந்ததும் அக்கா தரையில் என் காலருகே உட்கார்ந்துவிட்டாள்.

"என் கையாலயே போயிட்டாரேடா. வீடும் வேணாம், காசும் வேணாம். எல்லாத்தையும் நீயே வச்சுக்க."

அவள் அழுவது எனக்குப் பொறுக்கவில்லை. தலையைத் தடவிக் கொடுத்தேன், ஒரு வாய் காப்பி குடிக்க வைத்தேன். கடன் அன்றோடு தீர்ந்தது.

தெரியாமல் செய்தவள்தானே, ஐயா. அவளை நான் மன்னித்துவிட்டேன்.